ஆக்சலோட்டல் தொட்டியில் நீர்ச்செடிகள்: பயனும் எல்லையும்

செல்லப்பிராணியாக ஆக்சலோட்டல் வளர்ப்போரின் தொட்டிகள் பெரும்பாலும் இருவகை. ஒன்றில் வெறும் கண்ணாடித் தரை, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். மற்றொன்று மணலும் டிரிஃப்ட்வுட்டும் உயிருள்ள செடிகளும் கொண்ட செடித் தொட்டி. முதலாவது கழுவ எளிது, இரண்டாவது பார்க்க அழகு. விலங்குக்கு எது ஏற்றது என்பதை இந்த இரண்டு வசதிகளையும் வைத்து முடிவு செய்ய முடியாது.

செடித் தொட்டிக்கு ஆதரவான வலுவான வாதம் இவ்விலங்கின் பிறப்பிடத்திலிருந்து வருகிறது. மெக்சிகோ நகரின் தென்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களே இதன் இயற்கை வாழிடம். சினாம்பா எனப்படும் விளைநிலத் திட்டுகளுக்கு இடையே ஓடும் அந்தக் கால்வாய்களில் தண்ணீர் குளிர்ச்சியானது, கலங்கலானது, செடி அடர்ந்தது. சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்த ஆக்சலோட்டல் உருமாற்றம் அடையாமல், வெளிச்செவுள்களோடு ஆயுள் முழுவதும் நீரிலேயே இருந்துவிடுகிறது. அதன் கண்ணுக்கு இமை கிடையாது. விளக்கை நேரே போட்டால் ஒதுங்க நிழல் வேண்டும். இலைத்திரளுக்குள் புகுந்து படுத்துக்கொள்ள முடிந்த விலங்கு, வெட்டவெளியில் கிடப்பதைவிட அமைதியாக இருக்கும். 1864-இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டது முதல் எத்தனையோ தலைமுறைகள் தொட்டியிலேயே பிறந்துவிட்டாலும் இந்த உடலமைப்பு மாறவில்லை.

செடி இருந்தால் தண்ணீர் தானாகச் சுத்தமாகிவிடும் என்ற இன்னொரு வாதமும் உண்டு. அதிகம் சொல்லப்படுவது இதுதான். உண்மை குறைவாக இருப்பதும் இதில்தான். செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சுவது மெய். ஆனால் 25 செ.மீ. அளவுக்கு வளர்ந்து மண்புழுவை விழுங்கும் ஓர் ஊனுண்ணியின் கழிவு ஏராளம். குளிர்ந்த, மங்கலான தொட்டியில் மெதுவாக வளரும் செடியின் தேவையோ சொற்பம். இதைவிட மோசமான ஓர் ஏமாற்றம் புதுத் தொட்டியில் நேர்கிறது. முதல் நாட்களில் அம்மோனியாவைச் செடிகள் வாங்கிக்கொள்வதால் பரிசோதனையில் அளவு பூஜ்யம் என்றே வரும். ஃபில்டரில் பாக்டீரியா வேர்பிடித்துவிட்டது என்று நம்பி விலங்கை விட்டுவிடுவார்கள். புது இடத்துக்குப் பழகாத செடி இலை கரைந்து அழுகத் தொடங்கும்போது, உறிஞ்சிய செடியே அம்மோனியாவின் ஊற்றாகிவிடும். அதனால் செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலங்கை விடுமுன் தொட்டியைச் சைக்கிள் செய்தே ஆகவேண்டும், அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்த்தெடுக்க வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 8 வாரம் பிடிக்கும். ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் நைட்ரைட்டையும் கடந்து நைட்ரேட்டாக மாறினால்தான் தொட்டி தயார். பிறகும் வாராவாரம் ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுவது தவிர்க்க முடியாதது.

உண்மையான முரண் வேறிடத்தில் இருக்கிறது. செடித் தொட்டிக் கலை வளர்ந்தது வெப்பமண்டல மீன்களை மனதில் வைத்து: 25 டிகிரி தண்ணீர், பளிச்சென்ற விளக்கு, கரியமில வாயு, திரவ உரம், வேருக்கு உர வில்லை. ஆக்சலோட்டலுக்கு ஏற்ற வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டினால் உடல் தளரும், நோய் பற்றும். அதற்கு வெளிச்சம் பிடிக்காது. ஊடுருவ விடும் தோல் கொண்டதால் உரத்தில் உள்ள செம்பு போன்றவை அதற்கு ஆபத்து. தரையில் புதைத்த உர வில்லையைத் தோண்டி விழுங்கவும் செய்யும். ஆக, செழித்த செடித் தொட்டியும் நலமான ஆக்சலோட்டலும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் முழுமையாக அமைவதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது செடியின் பக்கம்தான்.

தரையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆக்சலோட்டல் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. புழு அருகில் அசைந்ததும் வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். தண்ணீரோடு புழுவும், பக்கத்தில் கிடப்பதும் சேர்ந்து உள்ளே போகும். சரளைக்கல் இப்படிப் போனால் குடலை அடைத்துக் கொல்லும். செடி வேரூன்ற வசதியென்று சரளை பரப்புவது செடித் தொட்டி வழக்கத்தின் மன்னிக்க முடியாத தவறு. 1 மி.மீ.க்கும் நுண்ணிய மணல் வளர்ந்த விலங்குகளுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. வெறும் தரை இன்னும் பாதுகாப்பு.

மணலில் நட்ட செடிகளையோ இது இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டுவிடும். ஆகவே தரையே தேவைப்படாத செடிகள்தான் இங்கே பொருந்தும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் மூன்றும் குளிரையும் மங்கலையும் தாங்கும், உரம் கேட்காது. முதல் இரண்டின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும்; வழவழப்பான டிரிஃப்ட்வுட்டில் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டவேண்டும், நூல் தளர்ந்து விரலில் சிக்கக் கூடாது. மேலே ஃப்ராக்பிட் போன்ற மிதவைச் செடிகள் விளக்கொளியை மட்டுப்படுத்தும். கூர்முனை கொண்ட எரிமலைக் கற்கள் மெல்லிய செவுள் இழைகளைக் கிழிக்கும் என்பதால், எவ்வளவு அழகாயினும் வேண்டாம். ஓட்டம் குறைந்த ஸ்பான்ஜ் ஃபில்டரே மிதவைச் செடிக்கும் விலங்குக்கும் ஒருசேர ஒத்துவரும் அபூர்வமான பொருள்.

கடையில் வாங்கும் செடியோடு பூச்சிமருந்தும் நத்தை முட்டையும் வரக்கூடும். சில வாரம் தனி வாளியில் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே தொட்டிக்குள் விடவேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் இலைகளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒட்டியிருக்கும். வெறும் தொட்டியில் எளிதாகக் கண்ணில் படுபவை ஜாவா மாஸுக்குள் மறைந்து பொரித்துவிடும். நோயுற்ற விலங்குக்கும் குஞ்சுகளுக்கும் செடித் தொட்டி பொருந்தவே பொருந்தாது. கழிவையும் தின்னாத இரையையும் தினமும் பார்த்து அகற்ற வேண்டிய அந்தக் கட்டத்தில், செடியில்லாத பிளாஸ்டிக் டப்பாவும் நாள்தோறும் மாற்றும் குளிர்ந்த தண்ணீருமே போதும்.