மணியோசையும் மண்டபமும் இல்லாத மாலைச் செபம்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலின் இரு கரைகளிலும் உள்ள தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் மாலைச் செபம் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. மாதா படத்துக்கு முன் விளக்கு ஏற்றுவார்கள், பாய் விரிப்பார்கள், 53 மணிச் செபமாலை கைக்கு வரும். இந்தியக் கரையின் மணப்பாட்டிலும் உவரியிலும் சொல்லும் அதே மங்கள வார்த்தைதான் இலங்கைக் கரையின் பேசாலையிலும் சில்லாலையிலும் கேட்கும். ஆனால் அந்த அரைமணி நேரம் குடும்பத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தால், இரு கரைகளும் வெவ்வேறு பாதையில் வந்திருப்பது தெரியும்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. 1542இல் இந்தியக் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். கற்றதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். நோயாளிகளின் படுக்கையருகே செபிக்கவும் பிள்ளைகளையே அனுப்பினார். நம் வீட்டுச் செபத்தின் முதல் உபதேசியார்கள் சிறுபிள்ளைகள். எதிர்க்கரையின் மன்னார் மக்களும் சவேரியாரை அழைத்தார்கள்; அவர் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த விசுவாசத்துக்காக 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கொடுத்தார்கள்.

பாதை பிரிந்தது 1658இல். தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் அந்த ஒரே ஆண்டில் டச்சுக்காரர் பிடித்தனர். இந்தியக் கரையில் அவர்கள் ஆட்சி துறைமுகத்தோடும் வாணிபத்தோடும் நின்றது. சற்று உள்ளே போனால் நாயக்கர் சீமை. குருமார் பக்கத்திலேயே இருக்க முடிந்தது; அந்தக் கரையின் பரதவர் சமூகம் தன் தலைவர்களோடு சேர்ந்து கத்தோலிக்கத்திலேயே உறுதியாக நின்றது. இலங்கையில் நிலைமை வேறு. குருமார் விரட்டப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே பெருங்குற்றம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறை குருவின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தது.

1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்துதான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். பிச்சைக்காரர் வேடத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். அப்படி அடையாளம் காண ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள் என்றால், அத்தனை ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் செபம் சொன்ன குடும்பங்களே காரணம். பிறகு அவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்து, குரு இல்லாத நாளிலும் சபை கூடும்படி செய்தார். அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் அந்த மக்களுக்கு வாசிப்பும் மன்றாட்டும் ஆயின.

இந்தப் பிரிவின் விளைவு இன்றும் தெரிகிறது. முத்துக்குளித்துறையில் வீட்டுச் செபம் கோயிலைச் சார்ந்தது. மாலைத் திரிகால செப மணி அடித்தால் ஊரே சிலுவை போடும். அக்டோபரில் அன்பியம் எனும் அக்கம்பக்கச் செபக்குழுவினர் மாதா சுரூபத்தைத் தெருவில் வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். ஆண்கள் வலையோடு வள்ளம் ஏறிவிடுவதால் செபத்தை முன்னின்று நடத்துபவர் பெரும்பாலும் தாய்தான். கடலில் இருப்பவர்களுக்காக ஒரு கருத்து, பிள்ளையின் பரீட்சைக்காக ஒன்று, குடியை விடாத மகனுக்காக ஒன்று. அந்த மகன் திண்ணையில் உட்கார்ந்து தன் பெயர் சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். மாற்றம் ஒரே நாளில் வராது. ஆனால் அவன் ஒருவனுக்காக வீடே முழந்தாளில் நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். ஒருநாள் அவனும் பாயில் வந்து உட்காரும்போது, அது ஊருக்கே சேதி.

இலங்கையின் வடக்கில் செபம் எதையும் சாராமல் நிற்கப் பழகியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓடிய குடும்பங்கள் மரத்தடியிலும் முகாம் கொட்டிலிலும் செபமாலை சொன்னார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமே கோயிலை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. போர் முடிந்தபின், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளை. செபமாலையின் முடிவில் இறந்தோருக்காக மன்றாடும் இடம் வரும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரை அங்கே சொல்ல மறுக்கும் தாய் உண்டு. தொடக்கத்தில், உயிரோடிருப்போருக்கான கருத்தில்தான் அவன் பெயர் வரும். கூட இருக்கும் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் மறுமொழி கொடுப்பார்கள். அவளுடைய நம்பிக்கையை அவர்களும் சேர்ந்து சுமக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

ஆகவே விசுவாசம் குடும்பத்தில் விளைவிக்கும் மாற்றத்துக்கு இரண்டு முகங்கள். இந்தியக் கரையில் அது பெரும்பாலும் திருந்துதல்: குடி, கோபம், சகோதரர் சண்டை இவற்றிலிருந்து மீளுதல். இலங்கைக் கரையில் அது பெரும்பாலும் தாங்குதல்: இழப்பு மனிதனை வெறுப்புக்கு விற்றுவிடாமல் காத்தல். திருந்துதலுக்குத் துணை நிற்க ஊரும் கோயிலும் வேண்டும். தாங்குதலுக்கு வீட்டுக்குள்ளேயே ஊறிய பழக்கம் வேண்டும். இரண்டும் கிருபைதான்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். செபமாலை சொல்லி முடித்த கையோடு மனைவியை அடிக்கிற வீட்டில், மகளுக்கு வரதட்சணை பேரம் பேசுகிற வீட்டில், மணிகள் மட்டுமே உருண்டிருக்கின்றன. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். செபத்துக்கு உட்காருமுன் பேசாதிருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசுவதுதான் முதல் மணி.

இன்று முத்துக்குளித்துறையில் கோயில்கள் ஓங்கி நிற்கின்றன, திருவிழாக்கள் சிறக்கின்றன. ஆனால் மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியும் கைபேசியும் வீட்டை எடுத்துக்கொள்கின்றன. செபத்தைக் கோயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். குரு இல்லாமல் ஒரு தலைமுறை விசுவாசத்தைக் காத்த இலங்கைக் குடும்பங்களிடம் இந்தியக் கரை கற்க வேண்டிய பாடம் இது: கோயிலே பூட்டினாலும் நம் வீட்டில் செபம் நிற்குமா? இலங்கைக் கரையோ, கதவுக்குள் சுமந்த துயரத்தை அக்கம்பக்கத்தாரோடு அன்பியத்தில் பகிர்ந்து ஆறுதல் பெறும் பழக்கத்தை இன்னும் வலுவாகப் பற்றிக்கொள்ளலாம். சவேரியார் பிள்ளைகளிடம் ஒப்படைத்த வேலையை இரு கரைகளும் மறுபடி பிள்ளைகளிடமே கொடுக்கட்டும். வீட்டின் இளைய பிள்ளை ஒரு பத்து மணியைத் தானே முன்னின்று சொல்லப் பழகினால், அடுத்த தலைமுறைக்கு இந்தச் செபத்தை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.