பீரோவுக்குள் தேயும் ரிவால்வர்

திருப்பூரில் எந்த மிஷினும் லேசில் பழைய இரும்புக் கடைக்குப் போவதில்லை. நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி தேய்ந்தால் துணியில் நெடுகக் கோடு விழும். ஃபிட்டர் வந்து ஊசியை மாற்றுவார். அடுத்த ஷிஃப்ட் ஓடும். இந்தக் குணத்தால்தான் ஊர் வளர்ந்தது. ஆனால், சம்பளப் பணம் பையில் வந்த காலத்தில் அதன் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கி, இன்று பீரோவுக்குள் கிடக்கும் ரிவால்வரையும் அதே கண்ணால் பார்க்கலாமா?

பழுது பார்த்து வைத்துக்கொள்வோம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. பர்மிங்காமில் செய்த வெப்லி அண்ட் ஸ்காட் .32 ஒன்றைக் கைவிட்டால் இன்னொன்று கிடைப்பது அரிது. அப்பா வைத்திருந்தது என்ற பற்று வேறு. ஸ்பிரிங் தளர்ந்ததற்கோ கைப்பிடித் தகடு விரிசல் விட்டதற்கோ அதைத் தலைமுழுக வேண்டியதில்லை.

தேய்மானம் உடம்பில் இறங்கிவிட்டால் கதை வேறு. இந்த வகை ரிவால்வர் குழல் முன்பக்கம் மடங்கித் திறக்கும். விவரம் தெரிந்தவர் முதலில் உருளையின் ஆறு அறையும் காலியா என்று பார்ப்பார். பிறகு ஒரு கையில் பிடி, மறு கையில் குழல் என்று வைத்து மெல்ல அசைப்பார். கீலில் ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும். அடுத்து குதிரையை நிதானமாக இழுத்து நிறுத்தி, உருளையைப் பெருவிரலால் தள்ளுவார். அறை குழலுக்கு நேராக நிற்காமல் நழுவுகிறதென்றால், சுடும்போது ஈயம் குழலின் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஊசி தேய்ந்தால் துணிதான் போகும். இங்கே போவது பக்கத்தில் நிற்பவரின் கண்.

கோயம்புத்தூர் லேத் பட்டறையில் எதையும் கடைந்து வாங்கிவிடலாம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. துப்பாக்கிக்கு அது செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, அதற்கென உரிமம் உள்ளவர்தான் துப்பாக்கியைப் பழுது பார்க்கலாம். உரிமம் உள்ளவரே செய்தாலும், தளர்ந்த கீலுக்கும் உருளையின் தேய்ந்த பல்லுக்கும் கையால் ராவிப் பொருத்தும் துண்டு எத்தனை வெடிப்பைத் தாங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருளை நம்பிச் சுட முடியாதென்றால், அதை வைத்திருக்கும் காரணமே போய்விட்டது. தேவை உண்மையிலேயே இருந்தால், கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது.

ஆகவே சில்லறைப் பழுதென்றால் சரிசெய்யுங்கள். கீலும் உருளையும் ஆடினால் விட்டுவிடுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அந்தத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லைசென்ஸையும் ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ போய் ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்கி வாருங்கள்.