நாடக உடையில் ஒரு போர்க்காலம்

போர்க்கால இத்தாலியப் படங்களில் போரைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். 1940 ஜூனில் முசோலினி போரில் இறங்கிய பிறகும், மேடையில் முன்பே கைதட்டல் வாங்கிய நாடகங்கள் வரிசையாகப் படங்களாகிக்கொண்டிருந்தன. ரசனை மட்டும் இதற்குக் காரணமல்ல. வெளிநாட்டுப் பட இறக்குமதியை 1938இல் அரசு தன் கைக்குள் கொண்டுவந்ததும் ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அந்த இடத்தை நிரப்ப ரோமின் சினெசித்தா ஸ்டுடியோவுக்கு அவசரமாகக் கதைகள் வேண்டியிருந்தன. பழைய நாடகமென்றால் தணிக்கைக்காரருக்கும் பயம் குறைவு. கள்ளக்காதலைக் காட்ட வேண்டுமா? கதை நடக்கும் ஊரைப் புடாபெஸ்ட் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபெர்தினாந்தோ பொஜோலியின் ‘இளமையே, போய்வா!’ (1940) படத்தைப் பாருங்கள். தூரின் நகருக்குப் படிக்க வந்த மாணவனைத் தையல்காரப் பெண்ணொருத்தி காதலிக்கிறாள். பட்டம் வாங்கியதும் அவன் ஊர் திரும்புகிறான். மூலநாடகத்தை 1911இல் சாந்த்ரோ கமாசியோவுடன் சேர்ந்து எழுதியவர் நீனோ ஒக்சீலியா. தூரின் மாணவர்களின் பிரிவுபசாரத்துக்காக 1909இல் அவர் எழுதிய பாட்டைத்தான் பாசிஸ்டுகள் பின்னாளில் வரிகளை மாற்றிக் கட்சிக் கீதமாக்கினார்கள். ஒக்சீலியா அதைக் கேட்க இருக்கவில்லை. 1917இலேயே போர்முனையில் இறந்துவிட்டார். மெல்லிய காதல்கதைதான். ஆனால் மகன்களைப் போருக்கு வழியனுப்பிய ஆண்டில் திரைக்கு வந்த கதை.

இன்னும் கனமானது, அலெஸ்ஸாந்த்ரோ பிளாசெட்டியின் ‘கேலி விருந்து’ (1942). செம் பெனெல்லியின் 1909ஆம் ஆண்டு நாடகம். பாரிஸில் அதன் ஆண் நாயகனாக நடிகை சாரா பெர்னார்டே நடித்தார். கதை நடப்பது லொரென்சோ தெ மெதிச்சி காலத்து ஃபுளோரன்ஸில். முரடன் நேரியிடம் ஓயாமல் அவமானப்பட்ட ஒல்லிப்பிச்சான் ஜியான்னெத்தோ, அவனைப் பைத்தியமென்று ஊரை நம்பவைக்கிறான். கடைசியில் நேரியின் கையாலேயே அவனது சொந்தத் தம்பியை ஆள்தெரியாமல் கொல்லவைக்கிறான். படத்தின் நாயகி கிளாரா கலமாயின் மார்பு தெரியும் ஒரு நொடியைப் பற்றியே இன்றும் பேசுகிறார்கள். சலிப்பூட்டும் பேச்சு. வலியவன் அடிக்கிறான், நலிந்தவன் அவனிடமே கொடுமையைக் கற்றுக்கொள்கிறான், பார்க்கிற நாம் யார் பக்கம் என்று தடுமாறுகிறோம். படத்தின் பலம் அதில்தான். ஜியான்னெத்தோவாக நடித்த ஓஸ்வால்தோ வாலென்தி, அடுத்த ஆண்டு பிராந்தெல்லோவின் ‘நான்காம் ஹென்றி’ படத்தில், புத்தி தெளிந்த பிறகும் பைத்தியவேடத்தைக் களையாத மனிதனாக வந்தார். பிறகு வட இத்தாலியில் முசோலினி நடத்திய சாலோ அரசின் பக்கம் சேர்ந்தார். 1945 ஏப்ரல் 30 அன்று மிலானில் எதிர்ப்புப் படையினர் அவரையும், ‘கேலி விருந்’தில் உடன் நடித்த லூயிசா ஃபெரீதாவையும் சுட்டுக்கொன்றார்கள்.

இத்தகைய அலங்காரப் படங்களைச் ‘சினெமா’ இதழின் இளம் விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அந்த இதழின் ஆசிரியர் முசோலினியின் மகன் என்பது தனி வேடிக்கை. தெருவுக்கு வாருங்கள், மண்ணைக் காட்டுங்கள் என்ற அவர்களுடைய கோரிக்கை நியாயமானதே. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இயக்குநர் விஸ்கோந்தி, அப்படித் தெருவுக்கு வந்த ‘ஒஸ்ஸெஸ்ஸியோனே’ (1943) படத்தை எடுத்தபோது, நாயகியாக அமைந்தவர் மேற்சொன்ன மூன்று நாடகப் படங்களிலும் நடித்த அதே கலமாய்தான். ஜெர்மானியரிடமிருந்து ரோம் விடுபட்ட பின், 1945 தொடக்கத்தில், விஸ்கோந்தி பிரெஞ்சு எழுத்தாளர் கொக்தோவின் நாடகமொன்றை இயக்க மேடைக்கே போய்விட்டார்.