பூசாமல் விட்ட இடங்கள்

காரின் சக்கரத்தை உடற்சட்டத்தோடு இணைத்துச் சாலையின் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன் பாகங்களான லோயர் ஆர்ம், நக்கிள், சுருள்வில் முதலியவை வண்டியில் அதிகம் அடிபடுபவை. எவர் கண்ணிலும் படாதவை. மாமல்லபுரம், கோவளம் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் இவை படும் பாடு தனி. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடுவதால், மழையில்லாத இரவிலும் இரும்பின்மேல் உப்புநீர் படர்ந்துவிடுகிறது. கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த புள்ளியிலும் வெல்டிங்கின் ஓரத்திலும் துரு அப்போதே வேலையைத் தொடங்கிவிடும்.

இதற்குப் பெரிய ஆலைகள் கண்ட வழி மின்படிவுப் பூச்சு. பெயின்ட் கலந்த நீர்த்தொட்டியில் பாகத்தை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தினால் பெயின்ட் துகள்கள் உலோகத்தின்மேல் சென்று படியும். படிந்த இடத்தில் மின்தடை கூடுவதால், அடுத்து வரும் துகள்கள் பூச்சேறாத மூலைகளை நாடிச் செல்லும். ஏறத்தாழ 20 மைக்ரான் கனமே உள்ள படலம் குழாயின் உட்புறம்வரை சீராகப் பரவுவது இதனால்தான். 1960களில் இம்முறையைக் கார்த் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் ஜார்ஜ் புரூவரும் அவர் குழுவினரும். அந்நிறுவனத்தின் மறைமலைநகர் ஆலை 1999இல் ஐகான் காரை வெளியிட்டு, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அங்கு பிறந்த கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், அவற்றின் பாகங்களைப் புதுப்பிக்கும் வேலைக்கு இனிமேல்தான் அதிகத் தேவை.

சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வழி பவுடர் கோட்டிங். முதலில் ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டு, பிளாஸ்டிங் மூலம், அதாவது கூர்துகள்களைக் காற்றழுத்தத்தில் வீசி, துருவை அகற்றி, இரும்பு மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகும்வரை கொண்டுவருகிறார்கள். வெட்டு விளிம்புகளைச் சற்றே மழுக்குவதும் இந்நிலையில்தான். கூர்விளிம்பில், உருகும் தூள் பின்வாங்கி மெலிந்துவிடும். பிறகு மின்னூட்டம் பெற்ற தூளைத் தெளித்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓவனில் உருக்கி இறுகச் செய்கிறார்கள். கைத்திறன் வெளிப்படுவது உள்மூலைகளில்: மின்புலம் அங்கே நுழையத் தயங்குவதால் தூள் ஒட்டாது; தேர்ந்தவர் மின்னழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியைச் சாய்த்து, மற்ற பரப்புக்கு முன்பே அந்த இடுக்குகளை நிரப்பிவிடுவார்.

இதைவிட நுட்பமானது, எங்கே பூசக்கூடாது என்ற தெளிவு. போல்ட் அமரும் முகத்தில் தடித்த பூச்சு இருந்தால் நாளடைவில் அது நசுங்கி இறுக்கம் தளர்ந்துவிடும். ஆகவே அந்த முகத்தையும் பால் ஜாயின்ட் அமரும் துளையையும் மாஸ்கிங் செய்து, அதாவது பூச்சு படாமல் மூடி, வெறும் உலோகமாகவே விடுகிறார்கள். சுருள்வில்லுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: துரு நீக்க அதை அமிலத்தில் ஊறவைத்தால், அங்கு பிறக்கும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். அளவுக்கு மீறிய சூடோ, ஆலையில் எஃகுமணிகளால் அடித்து அதன் மேற்பரப்பில் ஏற்றியிருந்த களைப்பெதிர்ப்பைக் கரைத்துவிடும்.

முடித்த ஆர்ம் ஒன்றை மதிப்பிடுகிறவர் பளபளப்பை விட்டுவிட்டு புஷ் வளையத்தின் உள்மடிப்பையும் மாஸ்கிங் கோட்டின் ஒழுங்கையும் பார்ப்பதே முறை. நிறத்தில் பலரும் கறுப்பையே கேட்கிறார்கள். ஆனால் மங்கிய இளஞ்சாம்பலே மேலானது, ஏனெனில் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விட்டாலும் அதில் கசியும் துருக்கோடு, அடுத்த சர்வீஸில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போதே தெரிந்துவிடும்.