பதினைந்து வருஷத்து வரிப்பாக்கி

சென்னையின் பெருங்குடி, கந்தன்சாவடி கம்பெனிகளில் 2009-10இல் வேலை மாறிய பலருக்குத் தங்கள் பேரில் ஒரு வரிப்பாக்கி உருவானது தெரியவே தெரியாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கணக்குப் போடும் முறை அப்படி.

ஆண்டுக்கு ஆறு லட்ச ரூபாய் வாங்கியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஆண்களுக்கு வரிவிலக்கு வரம்பு 1,60,000 ரூபாய். மூன்று லட்சம் வரை 10 சதவீதம், ஐந்து லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. ஆக வருஷ வரி 84,000. முதல் கம்பெனி முழு வருஷத்துக்கும் கணக்குப் பார்த்து, அவர் இருந்த ஆறு மாதத்துக்கு 42,000 பிடித்துவிடுகிறது. அக்டோபரில் அவர் போய்ச் சேர்ந்த அடுத்த கம்பெனியோ தான் கொடுக்கப்போகும் மூன்று லட்சத்தை மட்டும்தான் பார்க்கிறது. அதிலிருந்து மறுபடியும் 1,60,000ஐக் கழித்து, மீதி 1,40,000க்கு 14,000 பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து 56,000. துண்டு விழுவது 28,000. கல்வி மேல்வரி மூன்று சதவீதத்தோடு 28,840. இதைத் தடுக்கத்தான் 12பி என்று ஒரு படிவம் இருக்கிறது. பழைய இடத்துச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் அதில் எழுதிப் புது இடத்தில் கொடுக்க வேண்டும். சேர்ந்த முதல் நாள் ஹெச்.ஆர். நீட்டும் காகிதக் கட்டில் அதுவும் இருக்கும். நிரப்பியவர்கள் குறைவு.

இலங்கையில் இந்தத் துண்டு விழாது. அங்கே சம்பளத்தில் வரி பிடிப்பது மாதக் கணக்கு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, இந்த மாதச் சம்பளத்துக்கு இந்த வரி என்று பிடிப்பார்கள். விலக்கும் மாதத்துக்குத்தான், 2025 ஏப்ரலிலிருந்து அது மாதம் 1,50,000 இலங்கை ரூபாய். செப்டம்பரில் ஒரு கம்பெனி, அக்டோபரில் இன்னொன்று என்று போனாலும் ஒரு மாதத்து விலக்கு ஒரு தடவைதான் கழியும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டாவது வேலைக்கு வேறு அட்டவணை. சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லாதவர் அந்த 2009-10 காலத்தில் ரிட்டர்ன் போட வேண்டியதும் இல்லை. நம்மைவிட உருப்படியான ஏற்பாடு என்றே சொல்வேன். அதனால் பழைய பாக்கி என்று கடிதம் வந்தால் அது பெரும்பாலும் கடைக்காரருக்கோ, டாக்டருக்கோ, வீட்டை வாடகைக்கு விட்டவருக்கோ வரும். மாதச் சம்பளக்காரருக்கு அபூர்வம்.

அந்த நல்ல ஏற்பாட்டையும் நடுவில் கலைத்தார்கள். கோத்தபாய ராஜபக்ச அரசு 2020 ஜனவரி 1 முதல் சம்பள வரிப் பிடித்தத்தையே நிறுத்தியது. விலக்கு வரம்பு ஆண்டுக்கு முப்பது லட்சமாக உயர்ந்தது. ஏப்ரலில் வேறு பெயரில் பிடித்தம் திரும்பி வந்தாலும், ஊழியர் சம்மதித்தால்தான் பிடிக்கலாம். சம்மதிக்காதவர் தானே ரிட்டர்ன் போட்டுத் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியில்தான் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்த மூன்று வருஷத்தில், மாதம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு சம்மதமும் கொடுக்காமல், தவணையும் கட்டாமல் விட்டவர்கள்தான் கொழும்பின் பெருங்குடிக்காரர்கள். அந்த நாட்களில் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவருக்குத் தவணை வரி ஞாபகம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பாக்கி வந்து நிற்கும் விதமும் இங்கே வேறு, அங்கே வேறு. இங்கே முதலில் தெரிவது, வரவேண்டிய ரீஃபண்ட் வராததுதான். எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரருக்கு அப்படித்தான் தெரிந்தது. இந்த வருஷம் ஏதோ பத்தொன்பதாயிரம் திரும்பி வரவேண்டும். வந்தது வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். 2010-11 மதிப்பீட்டு ஆண்டில் உங்கள் பேரில் 28,840 ரூபாய் நிலுவை, பிரிவு 245-இன் கீழ் உங்கள் ரீஃபண்டை அதில் கழிக்கப்போகிறோம், சம்மதமா இல்லையா, 21 நாளில் சொல்லவும். அவருக்கு இதற்கு முன் கடிதமே வரவில்லையாம். வந்திருக்கும், பான் பதிவில் இருந்தது கந்தன்சாவடி வாடகை வீட்டு முகவரி, போர்ட்டலில் இருந்தது ஆடிட்டரின் மின்னஞ்சல். சென்னையில் பாதிப் பேருடைய வருமான வரிக் கணக்கு ஆடிட்டரின் கைபேசி எண்ணில்தான் உயிர் வாழ்கிறது. ஆடிட்டரைக் கேட்டதற்கு, “சின்னத் தொகைதானே சார், விட்டுடுங்க” என்றாராம்.

விடக்கூடாது என்பது என் கட்சி. காரணம் 2013இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. வார்டு அதிகாரிகள் கையால் எழுதி வைத்திருந்த பழைய நிலுவைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள், சரிபார்க்காமலே ஏற்றினார்கள், கணினி அதைப் பார்த்து நாடு முழுக்க ரீஃபண்டுகளைப் பிடித்தது. ஆடிட்டர் ஒருவர் எழுதிய கடிதத்தையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், 2013 மார்ச் 14 அன்று தீர்ப்புச் சொன்னது. முன்கூட்டித் தெரிவித்து, பதில் வாங்கி, அதைப் பரிசீலித்த பிறகே ரீஃபண்டில் கை வைக்கலாம். நிலுவை அறிவிப்பை அனுப்பியதாகச் சொன்னால் அது போய்ச் சேர்ந்ததை நிரூபிக்க வேண்டியது துறை. இன்று வரும் மின்னஞ்சலின் பின்னால் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் பதிலே வராவிட்டால் சம்மதம் என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும்.

போர்ட்டலில் நிலுவைப் பகுதிக்குப் போனால் இரண்டு வழி: தொகை சரி, அல்லது உடன்பாடில்லை. உடன்பாடில்லை என்றால் ஏன் என்று ஒரு பட்டியல் விரியும். சலான் மூலம் ஏற்கெனவே கட்டியாயிற்று, திருத்த மனு போட்டிருக்கிறேன், மேல்முறையீட்டில் இருக்கிறது என்று போகும். எங்கள் மூன்றாம் மாடிக்காரர் ஒரு வாரம் அலமாரியைக் குடைந்து 2010 ஜூலையில் வங்கியில் கட்டிய சலானின் அடிச்சீட்டை எடுத்துவிட்டார். துண்டு விழுந்த தொகையை அன்றைக்கே கட்டியிருக்கிறார்! வங்கி முத்திரையில் ஏழு இலக்கக் கிளை எண், தேதி, ஐந்து இலக்க வரிசை எண் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆனால் மதிப்பீட்டு ஆண்டு என்ற கட்டத்தில் 2010-11க்குப் பதில் 2009-10. சம்பாதித்த வருஷம் 2009-10, மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது என்ற குழப்பத்தில் இடறியவர்கள் ஏராளம். இலங்கையில் சம்பாதித்த ஆண்டும் மதிப்பீட்டாண்டும் ஒன்றே. இந்தப் பள்ளம் அங்கே இல்லை. பணம் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது, தப்பான வருஷத்துக் கணக்கில். இவ்வளவு பழைய சலானைப் போர்ட்டலில் தானே திருத்த முடியாது. அவருடைய வார்டு அதிகாரிக்கு மனு எழுத வேண்டும். எழுதினார். நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனில் அடிச்சீட்டின் நகலோடு நேரில் போய் முத்திரை வாங்கிக்கொண்டும் வந்தார்.

காலவரம்பு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் கேட்பவர் நினைக்கும் இடத்தில் இல்லை. முடிந்த கணக்கை மறுபடி திறப்பதற்குத்தான் வரம்பு. 2024 செப்டம்பர் 1 முதல், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். விட்டுப்போன வருமானம் ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம். 2010-11ஐ இன்று யாரும் புதிதாகத் திறக்க முடியாது. ஆனால் அப்போதே எழுதி வைத்த நிலுவை அப்படியே உட்கார்ந்திருக்கும், மாதம் ஒரு சதவீதம் தனிவட்டியோடு. 28,840க்குப் பதினான்கு வருஷ வட்டி மட்டும் நாற்பத்தெட்டாயிரத்தைத் தாண்டும். இலங்கையிலும் கணக்கைத் திருத்த வரம்பு உண்டு. மோசடி, வேண்டுமென்றே செய்த அசட்டை என்றால் அது பொருந்தாது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமதத் தண்டம் முதலில் பத்து சதவீதம், பிறகு மாதம் இரண்டு. கடுமைதான், ஆனால் மொத்தம் வரியில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு மூடியும் போட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் ஒன்றரை சதவீத வட்டிக்கு மாறியது. பழைய பாக்கிக்காரருக்கு அந்த மூடி எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நம் ஊர் வட்டிக் கணக்கைப் பார்த்தால்தான் புரியும். நடிகர் சூர்யா 2007-08, 2008-09 மதிப்பீட்டு ஆண்டுகளுக்கான வரிக்கு வட்டியைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் போட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் தள்ளுபடி செய்தது நினைவிருக்கலாம்.

வசூலில்தான் இரண்டு நாட்டுக்கும் பெரிய தூரம். வெள்ளவத்தையில் கணக்காளராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் மூன்றாம் மாடிக்காரரின் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்துவிட்டு, “உங்கட ஆக்கள் ரீஃபண்டைத்தானே பிடிச்சவை. எங்கட ஆக்கள் கோட்டுக்கெல்லோ அனுப்புவினம்” என்றார். மெய்தான். 2006ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்திலும், பாக்கி இவ்வளவு என்று ஆணையாளர் நாயகம் ஒரு சான்றிதழை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நீதவான் பாக்கிக்காரரை அழைத்து, ஏன் வசூலிக்கக்கூடாது என்று கேட்பார். போதுமான காரணம் இல்லையென்றால் அந்த வரி நீதவான் விதித்த அபராதம் ஆகிவிடும், கட்டாவிட்டால் சிறை. இதில் கவனிக்க வேண்டியது, சான்றிதழில் உள்ள தொகை சரியா தப்பா என்று நீதவான் பார்க்கவே முடியாது என்பது. தொகையில் சண்டை என்றால் அதை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்து முப்பது நாளுக்குள் திணைக்களத்திடம் மீளாய்வு, பிறகு 2011இல் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு, சட்டப் பிரச்சினை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்த முப்பது நாளைக் கோட்டை விட்டவர் நீதவான் முன்னால் வாயைத் திறந்து பயனில்லை. இது வெறும் பயமுறுத்தலும் அல்ல. டபிள்யூ. எம். மென்டிஸ் மதுபான நிறுவனத்தின் மதிப்புக் கூட்டு வரிப் பாக்கி 350 கோடி இலங்கை ரூபாய் விவகாரத்தில் அர்ஜுன் அலோசியஸ் உள்ளிட்ட பணிப்பாளர்களுக்கு 2024இல் கொழும்பு நீதவான் ஆறு மாதச் சிறை விதித்தார்.

இந்தியச் சட்டத்திலும் வரி வசூல் அதிகாரி ஆளைப் பிடித்துச் சிவில் சிறையில் வைக்க இடம் இருக்கிறது. சம்பளக்காரர்மேல் அது பாய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நம்முடையது வங்கிக் கணக்கையும் ரீஃபண்டையும் சத்தமில்லாமல் பிடிக்கும் வழி. மேல்முறையீட்டுக்கு இங்கேயும் முப்பது நாள்தான். வழக்கு முடியும் வரை வசூலை நிறுத்தி வைக்கச் சொன்னால், சர்ச்சைத் தொகையில் இருபது சதவீதத்தை முன்னால் கட்டு என்பது 2017 முதல் நடைமுறை. எது மேல்? நீதிமன்றப் படியேற்றுவதைவிட நம் வழி நாகரிகமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஆளுக்கு அழைப்பாணை வருவதால், தன்மேல் ஒரு பாக்கி இருப்பதாவது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே பதினைந்து வருஷம் தெரியாமலே இருக்கலாம்.

மன்னிப்பிலும் இரண்டு அரசுகளுக்கும் தனித்தனி ருசி. இலங்கைக்குப் பெரிய மன்னிப்புகள் பிடிக்கும். 2003இல் ரணில் விக்கிரமசிங்க அரசு தாராளமாக ஒரு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டே அடுத்த அரசு அதைச் சுருக்க இன்னொரு சட்டம் போட்டது. 2021இல் மறைத்த சொத்தை வெளியே காட்டினால் ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்றார்கள். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள்? இந்தியாவும் 1997இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது தாமாக முன்வந்து சொன்னவர்களுக்கு முப்பது சதவீதத்தோடு கணக்கை முடித்துக்கொடுத்த நாடுதான். அண்மையில் செய்தது சில்லறை மன்னிப்பு. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், 1962 வரைக்கும் பின்னால் போகும் சின்னச் சின்ன நிலுவைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். 2010-11 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலுவை 25,000 வரை, 2011-12 முதல் 2015-16 வரை 10,000 வரை, ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம். அவசியமான வேலைதான். ஆனால் வரம்பைத் தாண்டிய நிலுவையில் ஒரு பகுதியைக் கழிக்க மாட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் 3,840 ரூபாயில் தவறவிட்டார். அதைவிட எனக்கு உறுத்துவது, தகராறு வேண்டாமென்று முன்னாலேயே கட்டித் தீர்த்தவர்களுக்கு இந்த அறிவிப்பால் ஒரு பைசா திரும்பி வராது என்பதுதான்.

பெரிய நிலுவைகளிலும் அரசு சில சமயம் தானே கைகழுவும். ரஜினிகாந்த்மேல் 2002-03 முதல் 2004-05 வரையிலான ஆண்டுகளுக்குப் போட்ட அபராதம் சுமார் 66 லட்ச ரூபாய். ஒரு கோடிக்குக் குறைந்த தகராறுகளை உயர் நீதிமன்றத்தில் நடத்துவதில்லை என்று 2019இல் வரம்பை உயர்த்தியதால், 2020 ஜனவரியில் துறை அந்த வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அவர் தீர்ப்பாயம் வரை போய் வாதாடி வைத்திருந்ததால்தான் அந்த விதி அவருக்குப் பயன்பட்டது. முதல் கடிதத்திலேயே பேசாமல் இருந்தவருக்கு எந்த வரம்பு உயர்வாலும் லாபமில்லை.

2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு இல்லை. இலங்கையைப் போல ஒரே வரி ஆண்டுதான். சலானில் வருஷம் மாற்றிப் போடும் சங்கடம் இனிமேல் குறையும். ஆனால் 1961 சட்டத்தின் கீழ் எழுந்த நிலுவைகள் அந்தச் சட்டத்தின்படியே தொடரும். மூன்றாம் மாடிக்காரரின் மனு இன்னும் வார்டில்தான் இருக்கிறது. இதற்கிடையில் அவர் போர்ட்டலில் ஆடிட்டரின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டுவிட்டார்.