சமது எங்கே நிற்கிறார்?

புக்கிட் மேரா சென்ட்ரல் காப்பிக்கடையில் 1977 சிங்கப்பூர் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் தே ஓ ஆறிவிடும். எல்லோரும் கடைசியில் குவா கிம் சோங்கிடம்தான் வந்து சேருவார்கள். மே 28, சனிக்கிழமை இரவு, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம், பினாங்குக்கு எதிராக 3-2. கூடுதல் நேரத்தில் கிம் சோங் போட்ட கோலை என் வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே நடித்துக் காட்டுவார்கள். இன்னும் சிலருக்கு டோலா காசிம். இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவும் அந்த ‘கெலெக்’கைப் பார்த்தவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காமல் போவது நியாயந்தான்.

நான் சமது கட்சி. அன்றும் இன்றும்.

அணித்தலைவர், தற்காப்பு ஆட்டக்காரர் சமது அல்லாப்பிச்சை. மலாய் வர்ணனையாளர்கள் ‘அல்லாபிச்சே’ என்று இழுத்துச் சொல்லும்போது அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். பிச்சை, பிச்சைமுத்து என்று நாம் வைப்பதுபோல, ஆண்டவனிடம் கேட்டுப் பெற்ற பிள்ளைக்குத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் வைக்கும் பெயர் அது. அப்படியொரு தமிழ்ப் பெயரை நாற்பது ஐம்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்துவதைக் கேட்கவே அப்பா காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்கு வருவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள். என்னையும் அதில் தூக்கி உட்கார வைத்துக்கொள்வார்.

அப்பா எனக்குப் பந்தைப் பார்க்கக் கற்றுத்தரவில்லை. “பந்த எல்லாரும்தான் பாக்குறாங்க. சமது எங்க நிக்கிறாருன்னு பாருடா” என்பார். பந்து எதிர்க்கோல் பக்கம் இருக்கும்போது அங்கே பார்க்காமல் நம் பாதியில் தனியாக நிற்கும் ஒருவரைப் பார்ப்பது பத்து வயதுப் பையனுக்குச் சிரமம். பார்க்கப் பழகிவிட்டால் அப்புறம் விடாது. சமது அங்கே சும்மா நிற்கமாட்டார். இரண்டடி முன்னே, ஓரடி பக்கவாட்டில், திரும்பி ஒரு பார்வை, கையால் ஒரு சைகை. ஆபத்து வருவதற்கு அரை நிமிடம் முன்பே அது வரப்போகும் இடத்துக்கு அவர் போயிருப்பார். அதனாலேயே பல ஆபத்துகள் வராமலே போயின. வராமல் போனதற்கு யார் கைதட்டுவார்கள்?

ஒருமுறை சிலாங்கூர் காலாங்குக்கு வந்திருந்தது. மொக்தார் டஹாரி பந்தோடு திரும்பினாலே அரங்கம் எழுந்து நின்றுவிடும். அந்தக் கால்களிலிருந்து பந்து கிளம்பும் சத்தம் மேல்படிவரை கேட்கும். சமது பாய்ந்து விழவில்லை. காலையும் நீட்டவில்லை. உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு, கோட்டுப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, மெல்லப் பின்வாங்கினார். மொக்தார் திறந்த பக்கம் போனார். போகப் போக இடம் குறுகியது. கடைசியில் பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கச்சாங் பூத்தே பொட்டலத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

இதைத்தான் என் மச்சானிடம் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் சுந்தரமூர்த்தி கட்சி. 1993இல் புருணைக்கு எதிராக சுந்தரம் தலைகீழாகப் புரண்டு அடித்த கோலை எடுத்து முன்னே வைப்பார். “ஒங்க சமது அப்படி ஒண்ணு காட்டியிருக்காரா?” அது அழகான கோல். நானும் தொண்டை கட்டக் கத்தினேன். ஆனால் அது ஒரு நொடியின் அழகு. ஒளிபரப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டலாம், பார்க்காதவருக்கும் புரியும். சமதுவின் ஆட்டத்தில் அப்படி வெட்டி எடுத்துக் காட்ட ஒரு துண்டும் இல்லை. தொண்ணூறு நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்தால்தான் அது தெரியும். கச்சேரியில் துக்கடாவுக்குக் கைதட்டுகிறவரும் உண்டு, ராக ஆலாபனைக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறவரும் உண்டு. நான் இரண்டாமவர்.

“இறுதியாட்டத்துல ரெண்டு கோல் விட்டாங்களே மச்சான்” என்பது அவருடைய அடுத்த கணை. விட்டார்கள்தான். ஈசா பக்காரும் சுக்கோர் சாலேயும் இருந்த பினாங்கு அது, லேசான அணி இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் இறுதிவரை போய் சிலாங்கூரிடம் தோற்றிருந்தோம், 1975இல் 1-0, 1976இல் 3-0. கிண்ணத்தைத் தொட்டுப் பன்னிரண்டு வருடம். இத்தனை சுமையோடு ஆடிய கூடுதல் நேரத்தில், முன்னிலை பெற்ற பிறகு விசில் ஊதும்வரை ஓர் அணி சிதறாமல் இருந்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது? அங்கிள் என்று ஊரே அழைத்த பயிற்றுநர் சூ செங் குவீ களத்துக்கு வெளியே. உள்ளே சமது.

அந்த இறுதியாட்டத்தைப் பக்கத்துப் புளோக்கில் ஒரு மலாய்க் குடும்பத்து வீட்டில்தான் பார்த்தோம். வாசல்வரை செருப்பு. உள்ளே நகர இடமில்லை. எனக்கு ஒரே தவிப்பு. தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே ஓடியது. பந்து அந்தப் பக்கம் போனால் சமது படத்திலேயே இல்லை. “தெரியலப்பா” என்றேன். “அங்கதான் நிப்பாரு” என்றார் அப்பா, திரையின் இடப்பக்கம் சுவரைக் காட்டி. அந்தச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. கடைசி நிமிடங்களில் நான் பாதி நேரம் அந்த நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் புளோக்குகளுக்கு நடுவே இருந்த மண்திடலில் ஆட்டம். செருப்புகளை வைத்துக் கோல்கம்பம். ஆளாளுக்கு “நான் கிம் சோங்”, “நான் டோலா” என்று அடித்துக்கொண்டார்கள். சமது பெயருக்குப் போட்டியில்லை. எனக்கே கிடைத்தது.

இப்போது அந்தத் திடல் இல்லை. புளோக்கின் அடித்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று நான்கு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ ஆட்டக்காரர்களை வளர்த்த ஃபேரர் பார்க் திடல் பக்கமும் வீடுகள் வருகின்றன. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குள்ள ஆதங்கம் வேறு. இன்றைய தற்காப்பு ஆட்டக்காரர்கள் பந்தை அழகாகக் கடத்துகிறார்கள், வேகமாக ஓடுகிறார்கள், ஆனால் அடிக்கொரு தரம் சறுக்கி விழுகிறார்கள். கூட்டம் அதற்குத்தான் ஆர்ப்பரிக்கிறது. சறுக்கி விழுகிறவர் பெரும்பாலும் தாமதமாக வந்தவர். முன்பே அங்கே போய் நின்றிருந்தால் விழ வேண்டியதே இல்லை. சட்டை அழுக்காகாமல் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

பழைய தேசிய விளையாட்டரங்கம் 2007இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. நான் இப்போது ஜாலான் புசாருக்குத்தான் போகிறேன். 1929இல் திறந்து, பிறகு புதுப்பித்துக் கட்டிய அரங்கம். செயற்கைப் புல்தான், ஆனால் களம் மிக அருகில். போன மாதம் பேரனையும் கூட்டிப்போனேன். பந்து எதிர்ப்பக்கம் போனதும் அவன் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டினான். நான் அவன் தாடையைப் பிடித்து நம் பாதிப் பக்கம் திருப்பினேன். அங்கே ஓர் இளைஞர், பெயர்கூட எனக்குத் தெரியாதவர், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, திரும்பிப் பார்த்து, கையால் யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தார்.