எத்திணை? எப்பால்?

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐம்பால் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டுகள் கேட்டபொழுது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். மெல்லிய நடையும் நாணமும் கொண்ட சக மாணவனைச் சுட்டி, "ஐயா, இது எந்தப் பால்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் அச்சிறுவன் என் வகுப்பில் கையுயர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

ஒற்றுப்பிழையைக்கூடப் பொறுக்காத நான், அன்று 'இது' என்ற சொல்லைத் திருத்தவில்லை. மனிதப் பிறவியொன்றை அஃறிணையில் தள்ளிய அப்பிழை என் செவியில் பிழையாகவே படவில்லை. அந்தக் கேள்விக்கு நம் இலக்கணமும் இலக்கியமும் என்ன விடை தருகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியரிடமிருந்து தொடங்குவோம். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே அவர் எடுத்துப் பேசுகிறார். அப்பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளையே ஏற்று வரும் என்பது அவர் விதி. அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களையும் உடன்வைத்துப் பேசுகிறார் என்பதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நாம் நகைத்து ஒதுக்குவோரை அப்புலவர் வைத்த வரிசை அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் மேலும் நுட்பமானது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும் பவணந்தியார் அடக்குகிறார். பாலைத் துணியும்பொழுது, ஒருவர் எதை விட்டார், எதை விரும்பினார் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார். விருப்பத்துக்கு இலக்கணத்தில் இடம் தந்த இந்நூற்பாவை நாம் மனப்பாடம் செய்தோமேயன்றி, அதன் பொருளை வாழ்வில் வைத்துப் பார்த்தோமில்லை. எனினும், இவ்விருவகையும் அஃறிணையை ஒத்தும் வரும் என்று அந்நூற்பா முடிகிறது. அவ்விறுதிப் பகுதியை நான் ஏற்கத் தயங்குகிறேன். என் மாணவன் சொன்ன 'இது' அங்கேதான் நிழலாடுகிறது. இலக்கணம் வழக்கைத் தழுவி எழுவது. ஆகவே, ஒரு காலத்து வழக்கின் கொடுமையும் அதனுள் பதிந்துவிடுதல் இயல்பே.

காப்பியங்களில் இவர்கள் பெரும்பாலும் காட்சிப்பொருளாகவே வருகின்றனர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடிக் கூத்தும் ஒன்று. மணிமேகலையில், புகார்த் தெருவில் ஆடும் பேடியைக் கூட்டம் வேடிக்கை பார்த்து நிற்கிறது. ஆடியவரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை அக்காட்சி நமக்குச் சொல்வதில்லை. பார்ப்போரின் கண்ணே அங்குப் பேசுகிறது.

அக்கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகே சென்ற தற்கால நாவல்களுள் குறிப்பிடத்தக்கது சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'. கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் சுயம்பு, தன்னைப் பெண்ணாகவே உணர்ந்து, அடியும் அவமானமும் பட்டு, மேகலையாக வாழும் கதை அது. வீட்டாரின் அறியாமை எவ்வாறு வன்முறையாகிறது என்பதை அந்நாவல் தயங்காமல் காட்டுகிறது. ஆசிரியரின் பரிவு சிற்சில இடங்களில் கதைமாந்தரை முந்திக்கொண்டு பேசுவது அதன் குறை எனலாம். ஆயினும், பரிவு என்னும் வாயிலைத் திறந்துவைத்த பெருமை அந்நாவலுக்கு உண்டு.

அவ்வாயில் வழியே வந்து, தம் கதையைத் தாமே சொன்னவர்கள் பிறகு எழுந்தனர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வும் ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் அத்தகைய தன்வரலாறுகள். இவற்றில் பேடு என்னும் படர்க்கைப் பெயர் மறைந்து, 'நான்' என்னும் தன்மைப் பெயர் பேசுகிறது. வித்யாவின் நூலைத் தழுவிக் கன்னடத்தில் எடுத்த திரைப்படத்தின் தலைப்பே 'நான் அவனல்ல, அவள்' என்று பொருள்படும். ஒரு சுட்டுப்பெயருக்காக ஒருவர் வீட்டையும் ஊரையும் இழக்க நேர்கிறதெனில், சொல்லைக் கற்பிக்கும் நாம் அதனை அற்பமென்று தள்ளலாகுமா?

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட நூற்பாக்கள் பால் பற்றியவை. ஈர்ப்புப் பற்றியவை அல்ல. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் வேறு வகையினர். எனினும், ஏளனம் இவ்விரு சாராரையும் ஒரே கல்லால்தான் அடிக்கிறது. தன்பாலீர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி நடத்தும் மருத்துவத்தைத் தடுக்குமாறு ஆணையிட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு, இவர்களை மதிப்புடன் குறிப்பதற்கான சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. மலேசியாவின் சட்டமும் சமயச் சூழலும் வேறு என்பதை நான் அறிவேன். ஆனால், இழிசொல் ஒன்றை வகுப்பறையில் தடுத்து நிறுத்துவதற்கு எந்தச் சட்டமும் நமக்குக் குறுக்கே நிற்பதில்லை.

ஆசிரியப் பெருமக்களே! நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. நடையையும் குரலையும் வைத்துச் சூட்டப்படும் பட்டப்பெயரை முதல் முறையிலேயே நிறுத்துவோம். 'ஆம்பிளை மாதிரி நட' என்று பலர் முன்னிலையில் கடிவதைக் கைவிடுவோம். மாணவர் ஒருவர் நம்பி வந்து மனம் திறந்தால், அதனை ஆசிரியர் அறையில் பேச்சுப்பொருளாக்காது காப்போம். அடிக்கும் வீடாயின், பெற்றோரிடம் சொல்லுமுன் அப்பிள்ளையின் பாதுகாப்பை எண்ணிப் பார்ப்போம். திருநங்கையோ திருநம்பியோ தம்மை எவ்வாறு அழைக்க வேண்டுமென்று கேட்கிறாரோ அவ்வாறே அழைப்போம். பவணந்தியார் விருப்பத்துக்குத் தந்த மதிப்பை நாமும் தந்தவர்களாவோம்.

அந்தச் சிறுவன் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்றபின் அவனை நான் பார்க்கவில்லை. இன்று 'அவர்' அவனா, அவளா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த 'அவர்' என்னும் சொல்லை அன்றே சொல்லியிருக்கலாம். மாணவன் கேட்ட கேள்விக்கு, "எந்தப் பாலாயினும் உயர்திணை; உன்னைப் போல, என்னைப் போல" என்று விடை சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிராது. அந்த விடையைச் சொல்லத் தவறிய ஆசிரியன் என்ற முறையில், இனி ஐம்பால் பாடம் நடத்தப்போகும் இளைய ஆசிரியர்களிடம் அதனை ஒப்படைக்கிறேன்.